முதுசத்துக்கு வார்னிஷ்

கொஞ்ச நாளாக எங்கட ஆக்களிடம் ஒரு பழக்கம் பரவுகிறது. ஊருக்குப் போகிறவர்கள் பரணில் கிடக்கிற மூக்குப்பேணி, செம்பு, வெற்றிலைத் தட்டம், குத்துவிளக்கு எல்லாவற்றையும் சூட்கேசில் கொண்டு வருகிறார்கள். நல்ல விசயம். ஆனால் வந்த கையோடு மிசின் பொலிஷுக்குக் குடுத்து, மேலே வார்னிஷும் அடித்து, கண்ணாடி அலுமாரிக்குள் வைக்கிறார்கள். "பாத்தியளே, புதுசு மாதிரி!" என்று பெருமை வேறு.

புதுசுதான் வேணுமென்றால் லாச்சப்பலில் வாங்கலாமே? ஏன் அம்மம்மாவின்ரை பேணியைச் சுரண்டினீர்கள்?

எங்கட பக்கத்தில் பித்தளைச் சாமான்களில் உளியால் புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டுவார்கள். கலியாணவீடு, சாமத்தியவீடு என்று இரவல் போகிற சாமான் மாறுப்பட்டுப் போகாமல் இருக்கத்தான். தெரிந்த அண்ணர் ஒருவரின் பேணியிலும் இரண்டு எழுத்து இருந்ததாம், அவருடைய பூட்டியின் பெயரின் எழுத்துகள். பொலிஷ் செய்த பிறகு தடவிப் பார்த்தாலும் தெரியவில்லை. அந்த மனுசிக்கு ஒரு படம்கூட இல்லை. 1995 ஒக்டோபர் 30 இல் வலிகாமத்தை விட்டு வெளிக்கிட்டபோது அல்பங்கள் எல்லாம் வீட்டோடு போய்விட்டன. வளவுக்குள் தாட்டுவிட்டுப் போன பித்தளை மட்டும் மிஞ்சியது. ஷெல்லுக்குத் தப்பின பேர், கடைக்காரனின் சக்கரத்துக்குத் தப்பவில்லை.

உடனே ஒரு கேள்வி வரும். "அம்மம்மா கிழமைக்கு ஒருக்கா பழப்புளியும் சாம்பலும் போட்டு மினுக்கினவ தானே?" ஓம், மினுக்கினா. கையால், பாவிக்கிறதுக்காக. புளி மேலே படிந்த கறுப்பைக் கரைக்கும். சாம்பலும் கொஞ்சம் தேய்க்கும், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் மிசின் சக்கரம் அழுக்கோடு நிற்காது, உலோகத்தையே வழிக்கும். விளிம்பு மழுங்கும், கொத்து வேலை அழியும். நாற்பது வருசக் கைத்தேய்ப்பு செய்யாததை அரை மணித்தியாலத்தில் செய்துவிடும்.

புளி, தேசிக்காய், வினாகிரி என்று இரவிரவாக ஊறப் போடுகிறவர்களுக்கும் ஒரு சொல். பித்தளை என்பது செம்பும் நாகமும் கலந்தது. புளிப்பு நாகத்தைத்தான் முதலில் தின்னும். பிறகு சாமான் செம்பு நிறத்தில் சிவந்துபோய் நிற்கும்.

வார்னிஷ் அதைவிட மோசம். ஒரு கீறல் விழுந்தால் ஈரம் உள்ளே போய்க் கரும்புள்ளி பரவும், பிறகு முழுவதையும் உரித்தெடுக்க வேண்டும். வார்னிஷ் அடித்த விளக்கை ஏற்றிப் பாருங்கள், திரிப் பக்கம் கருகிவிடும். ஏற்ற முடியாத விளக்கு என்னத்துக்கு?

ஒன்றுமே செய்யாதே என்று நான் சொல்லவில்லை. பச்சைக் களிம்பு நல்லதில்லை. மரக்குச்சியால் மெல்லச் சுரண்டி, சவர்க்காரத் தண்ணியில் கழுவி, ஈரமில்லாமல் துடைக்க வேண்டும். மண்ணிறப் பளபளப்பு அழுக்கில்லை, அதை விட்டுவிடுங்கள். டிஷ்வோஷருக்குள் மட்டும் போடாதேங்கோ.

பாவிக்க வேண்டுமென்றால் உட்புறத்துக்கு ஈயம் பூசலாம். பேர்தான் ஈயம், பூசுவது வெள்ளீயம். காரீயம் கலக்காததா என்று கேட்டுக் கொள்ளுங்கள். நான் வேலை செய்கிற குசினியில் செம்புச் சட்டிகளுக்கு இதைத்தான் செய்கிறார்கள். உள்ளே பூச்சுத் தேய்ந்து செம்பு தெரிந்தால் பூசக் குடுப்பார்கள். வெளியில் இருக்கிற நெளிவை ஒருவரும் தொடமாட்டார்கள். வெள்ளீயம் 232 பாகையில் உருகிவிடும், அதனால் வெறுஞ்சட்டியை அடுப்பில் வைத்தால் செஃப் கத்துவார். சட்டியை மதிக்கிறவன் அதைப் பாவிக்கிறான், அலங்கரிக்கிறதில்லை.

1964 இல் வெனிஸில் பழைய கட்டடங்களுக்காக ஒரு சாசனம் எழுதினார்கள். ஊகம் தொடங்குகிற இடத்தில் திருத்த வேலை நிற்க வேண்டும் என்பது அதில் ஒரு விதி. கல்லுக்கு எழுதினது பித்தளைக்கும் பொருந்தும். பழுதைத் திருத்துங்கள், வயதைத் திருத்தாதேங்கோ.

எங்களிடம் உறுதி இல்லை, படம் இல்லை, பிறப்புப் பத்திரமும் பாதிப் பேருக்கு இல்லை. நெளிஞ்ச பேணிதான் சாட்சி. சாட்சியின் முகத்தை நாங்களே வழித்துவிட்டு, பிறகு பிள்ளைகளிடம் "எங்கட பாரம்பரியம்" என்று பேசுவதில் என்ன நியாயம்?

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது பேணியைக் கொண்டுவராவிட்டாலும் பரவாயில்லை. அதில் வெட்டியிருக்கிற எழுத்தைப் படம் எடுங்கள். அது ஆருடைய பேர் என்று, உயிரோடு இருக்கிற பழசுகளிடம் கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள்.