வீடு தேடி வருவோர் கேட்க வேண்டிய வினா

ஆனி, ஆடியில் குற்றால மலையை முகில் மூடினால் இலஞ்சி வயல்வெளி முழுதும் சாரலில் நனையும். மேல்காற்றின் குளிருக்கு ஊரார் முந்தானையையும் துண்டையும் இழுத்துப் போர்த்திக்கொள்ளும் அம்மாலைப் பொழுதிலும், 46, 47 அகவையில் நிற்கும் பெண்ணுக்கு நெஞ்சிலிருந்து முகம் வரை திடுமென அனல் ஏறும். பிடரி வியர்த்து இரவிக்கை நனையும். சில நிமிடங்களில் அதே உடல் குளிர்ந்து நடுங்கும். இரவில் இருமுறை, மும்முறை இவ்வாறு விழித்தவள், விடியுமுன் எழுந்து சோறாக்கி வைத்துவிட்டுக் கார் நடவுக்கு வயலில் இறங்குகிறாள். சூட்டு உடம்பு என்கின்றனர் வீட்டார். அவளும் அதையே நம்பிப் பொறுத்துக்கொள்கிறாள். இப்பொறுமையைப் பெண்மையின் பெருமையெனப் போற்றும் வழக்கத்தை நாம் ஏற்பதற்கில்லை.

மாதவிடாய் நிற்றல் நோயன்று. ஆயினும் அது தரும் துன்பம் மெய்யானது. சினைப்பைகள் ஓயத் தொடங்குங்கால் ஈஸ்ட்ரோஜன் என்னும் இயக்குநீர் ஏறியும் இறங்கியும் தடுமாறி, முடிவில் மிகக் குறைந்துவிடுகிறது. உடல் வெப்பத்தை ஆளும் மூளைப் பகுதி அதனால் நிலைகுலைந்து, சிறு வெப்ப மாறுதலையும் பெருவெப்பமெனக் கொண்டு குருதிக்குழாய்களை விரித்து வியர்வையைப் பெருக்குகிறது. தொடர்ந்து 12 மாதம் விலக்கு வராதிருந்தால் நின்றுவிட்டதெனக் கொள்வர். மேலைநாடுகளில் இது சராசரியாக 51 அகவையில் நிகழ, நம் நாட்டுப் பெண்களுக்கு 46, 47இலேயே நேர்கிறது. அமெரிக்கப் பெண்களைப் பல்லாண்டு பின்தொடர்ந்த ஆய்வொன்று 2015இல் வெளியிட்ட முடிவின்படி, அடிக்கடி அனல் காணும் பெண்களுள் பாதிப்பேருக்கு அது 7 ஆண்டுக்கு மேல் நீடித்தது. உறக்கமின்மை, மூட்டுவலி, மறதி, காரணமறியாச் சினம் ஆகியனவும் உடன்வரும். பிறப்புறுப்பு வறட்சியும், உறவில் எழும் வலியும், சிறுநீர் எரிச்சலும் உடன்பிறந்தாளிடம்கூடச் சொல்லப்படுவதில்லை. மருத்துவர் எழுதித் தரும் களிம்பொன்றில் தீரக்கூடிய வறட்சியை ஆண்டுக்கணக்கில் மறைத்து வாழ்வோர் எத்தனை பேர்!

நெல்லைச் சீமையில் சிறுமி பூப்பெய்தினால் வீடே எழுந்து நிற்கும். உளுந்தை வறுத்துத் திரித்து, கருப்பட்டிப் பாகில் களி கிண்டி, நடுவே குழி பறித்து நல்லெண்ணெய் ஊற்றி, இடுப்பெலும்பு வலுக்க வேண்டுமென்று பாட்டி பக்கத்தில் அமர்ந்து ஊட்டுவாள். தாய்மாமன் சீர் வரும். பிள்ளை பெற்றவளுக்கும் காயமும் பத்தியமும் உண்டு. அதே எலும்பு தேயத் தொடங்கும் நாளில் அவளுக்கென்று அடுப்பில் ஒன்றும் ஏறுவதில்லை. விலக்கு நின்றபின் வரும் முதல் சில ஆண்டுகளில்தான் எலும்பின் சுண்ணச்சத்து மிக விரைந்து கரைகிறது. அப்பருவத்தில் நாளொன்றுக்கு 1,200 மில்லிகிராம் சுண்ணச்சத்து வேண்டுமென்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம். 100 கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்கு மேல் உண்டு. எள்ளிலும், முள்ளோடு உண்ணும் நெத்திலியிலும், மோரிலும் உண்டு. எல்லார்க்கும் பரிமாறியபின் சட்டியில் எஞ்சியதை உண்பவளுக்கு இவை எங்ஙனம் கிட்டும்? ஆலங்குளம், கடையம் பக்கத்தில் மடியில் தட்டை வைத்துப் பகலெல்லாம் பீடி சுற்றும் பெண்களுக்கு வெயிலும் நடையும்கூட இல்லை. அவர்தம் இடுப்புவலி முழுவதையும் உட்கார்ந்த வேலையின் கணக்கில் எழுதிவிடுகிறோம்.

மருத்துவத்தைப் பற்றிய அச்சமும் பழையது. 2002 ஜூலையில் அமெரிக்காவின் பேராய்வொன்று இடையில் நிறுத்தப்பட்டது; குறைந்த ஈஸ்ட்ரோஜனை ஈடுசெய்யத் தரும் இயக்குநீர் மருந்து மார்பகப் புற்றை வருவிக்கும் என்ற செய்தி உலகெங்கும் பரவியது. அவ்வாய்வில் சேர்ந்தோரின் சராசரி அகவை 63 என்பதும், கூடுதலாகக் கண்ட இடர் ஆண்டுக்கு 10,000 பேரில் 8 பேர் என்பதும் அச்செய்தியோடு பரவவில்லை. இன்று மருத்துவ உலகம் தெளிவாகவே சொல்கிறது: 60 அகவைக்கு உட்பட்ட, அல்லது விலக்கு நின்று 10 ஆண்டு ஆகாத, வேறு தடையற்ற பெண்ணுக்குக் கடும் அனல் துன்பம் இருப்பின் இம்மருந்தால் விளையும் நன்மையே மிகுதி. மார்பகப் புற்று, குருதி உறைவு, பக்கவாதம், கல்லீரல் நோய் கண்டவர்க்கு ஆகாது. கருப்பை உள்ளவர்க்கு ஈஸ்ட்ரோஜனைத் தனித்துக் கொடுத்தலும் கூடாது. ஆதலின் மருத்துவரே ஆய்ந்து தர வேண்டும். குற்றாலத்துக் கடைத்தெருவில் பொட்டலம் கட்டி விற்கும் வேர்களை நம்பி ஏமாற வேண்டா. சித்த மருத்துவமே விரும்புவோர் பாளையங்கோட்டை அரசுக் கல்லூரி மருத்துவமனையை நாடுக.

எல்லாவற்றினும் கொடியது, தொல்லை தீர்ந்தால் போதுமென்று கருப்பையையே எடுத்துவிடுதல். மராட்டிய மாநிலத்துப் பீடு மாவட்டத்தில் கரும்பு வெட்டும் பெண்கள் 13,000 பேருக்கு மேல் கருப்பை இழந்ததை 2019இல் அரசுக் குழுவே கண்டறிந்தது. தேவையற்ற அறுவைகளைத் தடுக்க வகுத்த நெறிகளை எல்லா மாநிலங்களும் பின்பற்றுமாறு 2023இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. சினைப்பையும் சேர்த்து அகற்றப்பட்டால், ஆண்டுகளில் மெல்ல வர வேண்டிய மாற்றம் ஒரே நாளில் வந்து தாக்கும்.

தமிழக அரசு 2021 ஆகஸ்ட் 5 முதல் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தை நடத்தி வருகிறது. தன்னார்வப் பெண்கள் தெருத்தெருவாகச் சென்று, வாசலில் அமர்ந்து குருதி அழுத்தம் பார்க்கின்றனர். சர்க்கரை மாத்திரை தருகின்றனர். வீட்டுப் பெண் மனம் திறந்து பேசக்கூடியவர் அவர்களைப் போல் வேறெவர்? விலக்கு ஒழுங்காக வருகிறதா, இரவில் உறக்கம் உண்டா, அனல் காண்கிறதா என்று 40 கடந்த ஒவ்வொருத்தியிடமும் அவர்கள் கேட்கட்டும். விடையைக் குறித்துக்கொள்ள அவர்தம் ஏட்டில் இடம் ஒதுக்குக. துன்பம் சொல்பவளை அனுப்பிவைக்கத் தென்காசி மாவட்டத் தலைமை மருத்துவமனையில் கிழமைக்கு ஒரு நாளேனும் தனிப் புறநோயாளர் பிரிவு வைத்து, அதற்கு வேண்டிய மருந்தையும் இருப்பில் வைக்குக. இங்கிலாந்தில் 2023 ஏப்ரல் முதல் இயக்குநீர் மருந்தை ஆண்டு முழுதும் குறைந்த கட்டணத்தில் பெற அரசே வழி செய்துள்ளது. நம் அரசு மருத்துவமனையில் அதை விலையின்றித் தருதல் இயலாததன்று.

மற்றொரு வினாவையும் தவறாது கேட்க வேண்டும். விலக்கு நின்று ஓராண்டு கழிந்தபின் துளியேனும் குருதி கண்டதா என்பது அது. பழையபடி வந்துவிட்டதென்று எண்ணிப் பெண்கள் மறைக்கும் அக்குருதி, கருப்பைப் புற்றின் முதல் அடையாளமாக இருக்கக்கூடும். ஆம் என்று சொல்பவளை அறுவடை முடியட்டும், திருவிழா கழியட்டும் என்று விட்டுவிடாமல், அன்றைக்கே பேருந்தேற்றித் தென்காசிக்கு அழைத்துச் செல்லும் பொறுப்பு அவள் கணவனுக்கும் மக்களுக்கும் உரியது.