செத்தவன் தலையில் பழியா?

விமானம் விழுந்தால், விசாரணை முடியும் முன்பே தீர்ப்பு வந்துவிடுகிறது. பட்டாசு ஆலை வெடித்தாலும் அப்படித்தான். அந்தத் தீர்ப்பு யார் மீது விழுகிறது? எழுந்து வந்து பதில் சொல்ல முடியாதவன் மீது!

2025 ஜூன் 12 அன்று ஆமதாபாத்திலிருந்து லண்டனுக்குக் கிளம்பிய ஏர் இந்தியா விமானம், மேலெழும்பிய சுமார் அரை நிமிஷத்தில் மருத்துவக் கல்லூரி மாணவர் விடுதி மீது விழுந்தது. விமானத்தில் இருந்த 242 பேரில் பிழைத்தவர் ஒரே ஒருவர். தரையில் இருந்த 19 பேரும் மாண்டனர். ஆக, 260 உயிர்கள் கருகின.

காரணம் என்ன? பறவை மோதியது என்றார் ஒருவர். எண்ணெயில் கலப்படம் என்றார் மற்றொருவர். இறக்கை மடிப்பை விரிக்க விமானி மறந்தார், மின்சாரக் கோளாறு, சதி வேலை என்று விருதுநகர் டீக்கடை முதல் லண்டன் பத்திரிகை வரை ஆளுக்கொரு காரணம் கற்பித்தார்கள்.

ஜூலை 12-ல் விமான விபத்து விசாரணைப் பிரிவின் முதற்கட்ட அறிக்கை வெளிவந்தது. எண்ணெயைச் சோதித்தார்கள், குறையில்லை. இறக்கை மடிப்பு இருக்க வேண்டிய நிலையில் இருந்தது. பறவைக் கூட்டம் எதுவும் காணப்படவில்லை. ஆனால் இரண்டு எஞ்சின்களுக்கும் எண்ணெய் விடும் ஸ்விட்சுகள், ஒரு விநாடி இடைவெளியில், ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்த நிலைக்குப் போயிருந்தன. ஏன் நிறுத்தினாய் என்று ஒரு விமானி கேட்கிறார். நான் நிறுத்தவில்லை என்கிறார் மற்றவர். பத்து விநாடி சென்றபின் ஸ்விட்சுகள் மறுபடி ஓடும் நிலைக்கு வருகின்றன. அதற்குள் காலம் கடந்துவிட்டது.

கேட்டவர் யார், மறுத்தவர் யார் என்று அந்த அறிக்கை சொல்லவில்லை. ஸ்விட்சு எப்படி மாறியது என்றும் சொல்லவில்லை. ஆனால் கடல் கடந்த ஏடுகள் சொல்லிவிட்டன! மூத்த விமானியின் பக்கம் விரல் நீட்டிச் செய்திகள் வந்தன. இந்திய விமானிகள் சம்மேளனம் அந்த ஏடுகளுக்கு வக்கீல் நோட்டீஸ் அனுப்பியது. மகனைப் பறிகொடுத்த 91 வயதுத் தந்தை, பழியைத் துடைக்க உச்ச நீதிமன்றத்தின் படியேற நேர்ந்தது. விமானியை யாரும் குற்றம் சாட்ட முடியாது என்று 2025 நவம்பரில் நீதிபதிகள் அவருக்கு ஆறுதல் சொன்னார்கள்.

விமானி தவறே செய்ய மாட்டான் என்று நாம் வாதாடவில்லை. 2015-ல் ஆல்ப்ஸ் மலையில் ஜெர்மன் விமானத்தை மோதி 150 பேரைக் கொன்றது துணை விமானிதான். அது சான்றுகளால் உறுதியானது, ஏற்கிறோம். ஆனால் சான்று வருமுன் தீர்ப்பு எதற்கு? அந்த வகை ஸ்விட்சின் பூட்டு கழன்றிருக்கக் கூடும், சோதித்துப் பாருங்கள் என்று அமெரிக்க விமானத் துறை 2018-லேயே குறிப்பு அனுப்பியிருந்தது. அது கட்டாயமில்லை, ஆகவே சோதிக்கவில்லை என்று ஏர் இந்தியா சொன்னதாக அதே அறிக்கை கூறுகிறது. விபத்துக்குப் பிறகு மற்ற விமானங்களைச் சோதித்ததில் பூட்டில் குறை காணவில்லை என்று கம்பெனி அறிவித்தது. இதையும் மறைக்காமல் சொல்கிறோம். இரண்டு பக்கத்தையும் எடைபோட்டு முடிவு சொல்வதற்குப் பெயர்தான் விசாரணை.

அவசரத் தீர்ப்பால் வரும் கேடு செத்தவனின் மானத்தோடு முடிவதில்லை. 2018 அக்டோபரில் இந்தோனேசியாவில் போயிங் விமானம் ஒன்று கடலில் விழுந்து 189 பேர் மாண்டனர். விமானிகளின் திறமையைச் சந்தேகித்தார்கள்; விமானங்கள் தொடர்ந்து பறந்தன. ஐந்தே மாதத்தில் அதே ரக விமானம் எத்தியோப்பியாவில் விழுந்து 157 பேர் மாண்டனர். பிறகுதான் உலகமே அந்த ரகத்தைத் தரையிறக்கியது. ஒரே ஒரு கருவியின் பேச்சைக் கேட்டு விமானத்தின் மூக்கைக் கீழே அமுக்கும் ஏற்பாடு ஒன்று யந்திரத்துக்குள் இருந்தது. அதைப் பற்றி விமானிகளின் கையேட்டில் குறிப்பே இல்லை! பிழையான காரணத்தை ஒப்புக்கொண்டால் அடுத்த சாவுக்கு நாமே வழி திறக்கிறோம்.

தோழர்களே! இந்தக் கதை நமக்குப் புதிதா?

2012 செப்டம்பர் 5-ல் சிவகாசிக்குப் பக்கத்தில் முதலிப்பட்டியில் வெடித்தது. நாற்பது பேர் வரை மாண்டனர். உதவிக்கு ஓடியவர்களும் அதில் உண்டு. 2021 பிப்ரவரி 12-ல் சாத்தூரை அடுத்த அச்சங்குளத்தில் இருபதுக்கும் மேற்பட்டோர். 2025 ஜூலை முதல் தேதி சின்னக்காமன்பட்டியில். ஒவ்வொரு முறையும் மறுநாள் ஏட்டில் என்ன படிக்கிறோம்? “மருந்துக் கலவையின்போது உராய்வு ஏற்பட்டு வெடித்ததாகத் தெரிகிறது.”

உராய்வு! ஸ்விட்சு மாறியது என்பதும் உராய்வு ஏற்பட்டது என்பதும் ஒரே ஜாதி. இரண்டும் கடைசி விநாடியில் நடந்ததைச் சொல்கின்றன. ஏன் நடந்தது என்பதைச் சொல்லவில்லை. அலுமினியத் தூளும் வெடியுப்பும் கந்தகமும் உரசினால் தீப்பிடிக்கும் என்பது சிவகாசியில் சிறுபிள்ளைக்கும் தெரியும். அது தெரிந்தவன் ஏன் உரசினான்?

நாலு பேருக்கு மேல் இருக்கக் கூடாத அறையில் எத்தனை பேர் இருந்தார்கள்? இடம் போதாமல் மரத்தடியில் வைத்து வேலை நடந்ததா? முதல் நாள் மிஞ்சிய கலவையை அழிக்காமல் மறுநாள் கையில் கொடுத்தது யார்? லைசென்ஸ் ஒருவர் பேரில் இருக்க, உள்குத்தகைக்கு எடுத்து ஆலையை நடத்தியவர் யார்? தீபாவளி ஆர்டரைக் காட்டி, எண்ணிக்கைக் கூலியைக் காட்டி அவசரப்படுத்தியது யார்? இவற்றைக் கேளாமல் “தொழிலாளியின் கவனக்குறைவு” என்று எழுதி முடித்தால், பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்றாகாதா?

விமானத்துக்காவது கறுப்புப் பெட்டி உண்டு. தீயில் வெந்தாலும் அது விமானியின் கடைசிப் பேச்சைக் காப்பாற்றித் தருகிறது. பட்டாசு அறையில் அப்படி என்ன இருக்கிறது? அங்கே வேலை செய்தவனே சாட்சி; அவனும் வெந்து போகிறான்.

ஆகவே நாம் கோருவது இது: லைசென்ஸ் கொடுத்த இலாகாவே விபத்தையும் விசாரித்து முடிவு சொல்லும் முறை போதாது. விசாரணைக் குழுவில் தொழிற்சங்கத்தின் பிரதிநிதி இருக்க வேண்டும். அறிக்கை முழுவதையும் தமிழில் அச்சிட்டு, ஆலை வாசலில் ஒட்ட வேண்டும். குத்தகைக்காரர், லைசென்ஸ்காரர், கையெழுத்திட்ட அதிகாரி ஆகிய மூவரையும் விசாரித்த பிறகே தொழிலாளியின் தவறைப் பற்றிப் பேச வேண்டும்.

சர்க்கார் செய்யும்வரை நாம் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. கட்சித் தோழர்களும் சங்கத் தோழர்களும் ஆலைதோறும் குறித்து வையுங்கள்: அறைக்கு எத்தனை பேர், மேற்பார்வை யார், மிச்சக் கலவை எங்கே போகிறது, யார் முறையிட்டார்கள், என்ன பதில் கிடைத்தது. தேதியோடு எழுதி, கையொப்பம் வாங்கி, சங்க அலுவலகத்தில் ஒரு பிரதி வையுங்கள். பட்டாசு அறைக்கு அதுவே கறுப்புப் பெட்டி.

செத்தவன் பேச மாட்டான் என்ற துணிச்சலில்தான் அவன் தலையில் பழியைக் கட்டுகிறார்கள். அவனுக்காகப் பேச உயிரோடிருக்கும் நாம் இருக்கிறோம் என்று காட்டுவோம்!