காலேஜ் காலண்டரை அம்மாவும் படிக்கணும்!

பெண்ணை முதல் வருஷம் காலேஜில் சேர்த்தாச்சு, ஃபீஸ் கட்டியாச்சு, பஸ் பாஸும் வாங்கியாச்சு. இனி அவள் பாடு என்று இருந்துவிடுகிறோம். சேர்ந்ததும் காலேஜில் கொடுக்கிற காலண்டர் புத்தகத்தை வீட்டில் யாராவது பிரித்துப் பார்க்கிறோமா? சட்டதிட்டமெல்லாம் அதில்தான் இருக்கிறது, சகோதரிகளே!

முதலில் அட்டெண்டன்ஸ். நம் பக்கத்துக் கலை, அறிவியல் கல்லூரிகள் பலவற்றில் செமஸ்டருக்குச் சுமார் 90 வேலை நாள். அதில் 75 சதவீதம் வந்திருந்தால்தான் பரீட்சை. அதாவது 68 நாள் போயே ஆகணும். லீவுக்கு மிஞ்சுவது 22 நாள். "22 நாளா, தாராளமாச்சே!" என்று தோன்றும். அத்தை பெண் கல்யாணத்துக்கு 4 நாள், குலதெய்வம் கோயிலுக்கு 3, காய்ச்சலில் 7, பாட்டிக்கு ஆஸ்பத்திரியில் துணையாக 5, மாதாமாதம் வயிற்று வலியில் ஒவ்வொரு நாளாக 4. கூட்டிப் பாருங்கள், 23 ஆச்சு!

65 சதவீதமாவது இருந்தால் பல இடங்களில் டாக்டர் சர்டிஃபிகேட்டும் அபராதமும் வாங்கிக்கொண்டு விடுவார்கள். அதற்கும் கீழே போனால் பரீட்சை அடுத்த தடவைதான். 50-க்கும் கீழே என்றால் அந்த செமஸ்டரையே மறுபடி படிக்க வேண்டியிருக்கும்.

எங்கள் தெருவில் ஒரு பெண், அக்கா பிரசவத்துக்கு ஒத்தாசையாக ஒன்றரை மாதம் ஊரில் தங்கினாள். ஹால் டிக்கெட் வரவில்லை. "தம்பியை இப்படி லீவு போடச் சொல்லியிருப்பீங்களாம்மா?" என்று கேட்டாளாம். அந்த அம்மாவிடம் பதில் இல்லை. நம்மில் எத்தனை பேரிடம் இருக்கும்?

அடுத்தது மார்க். பல கல்லூரிகளில் இன்டெர்னல் 25, செமஸ்டர் பரீட்சை 75. பரீட்சையில் 30, மொத்தத்தில் 40 எடுத்தால் பாஸ். இன்டெர்னலில் 10 வாங்கியவளுக்கு 30 போதும். 5 வாங்கியவள் 35 எடுத்தாகணும். அரியர் எழுதும்போதும் பெரும்பாலும் அந்தப் பழைய இன்டெர்னல் மார்க்தான் கூட வரும். அதனால் அசைன்மென்டை, கிளாஸ் டெஸ்டை அலட்சியம் பண்ணக் கூடாது. உங்கள் கல்லூரிக் கணக்கு கொஞ்சம் மாறலாம், காலண்டரைப் பாருங்கள்.

படிக்க வழிகளும் நிறைய இருக்கின்றன, காசு செலவில்லாமலே. சிலபஸ் நகல் ஒன்று கையில் இருக்கட்டும். எந்தப் பாடம், எந்தப் புத்தகம் என்று அதிலேயே போட்டிருக்கும். பழைய கேள்வித்தாள்கள் லைப்ரரியில் கிடைக்கும். பிளஸ் டூவில் சயன்ஸ் படித்துவிட்டு பி.காம். சேர்ந்த பெண், 11-ஆம் வகுப்புக் கணக்குப்பதிவியல் புத்தகத்தை முதலில் படித்தால் பயம் தெளியும். தமிழ் மீடியத்தில் படித்தவளுக்கும் இது நல்ல யோசனை. அதே புத்தகம் தமிழிலும் இங்கிலீஷிலும் இருக்கிறது, பக்கத்தில் பக்கம் வைத்துப் படிக்கலாம். அரசாங்கத்தின் ஸ்வயம், ஐ.ஐ.டி.க்கள் நடத்தும் என்.பி.டெல் இரண்டிலும் பாடங்களை செல்போனிலேயே இலவசமாகக் கேட்கலாம். சென்னையில் 2010-இல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகம், மதுரையில் 2023-இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் இரண்டிலும் நாள் முழுக்க உட்கார்ந்து படிக்கலாம்.

ஒரு சின்ன யோசனை. சமையலறையில் பால் கணக்கு எழுதுகிற காலண்டரிலேயே, பெண் காலேஜுக்குப் போகாத நாளுக்கு ஒரு சிவப்புப் பெருக்கல் குறி போடுங்கள். 15 ஆனதும், அடுத்த கல்யாணத்துக்கு நீங்கள் மட்டும் போய் மொய் எழுதிவிட்டு வாருங்கள்!