பூண்டுச் சீமைப் பெண்கள்

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் பிரின்ஸ் ஜார்ஜ் என்று ஓர் ஊர். 2022 மார்ச் 27-ந் தேதி அங்கே பெண்களுக்கான உலகக் கர்லிங் பந்தயத்தின் இறுதி ஆட்டம் நடந்தது. ஸ்விட்சர்லாந்து 7, தென் கொரியா 6. ஸ்விஸ் பெண்களுக்குத் தங்கப் பதக்கம் கிடைத்தது. ஆனால் நாம் இங்கே பேச விரும்புவது, ஒரே ஒரு புள்ளியில் தோற்ற கொரியப் பெண்களைப் பற்றி. ஜெயித்தவர்களின் பெருமையைக் குறைப்பது நம் எண்ணமல்ல. ஸ்விஸ் கோஷ்டியின் தலைவி சில்வானா டிரின்சோனி 2019, 2021, 2022, 2023 என்று நான்கு உலகப் பட்டங்களை வரிசையாக வாங்கியவர். நடுவே 2020-ல் தொற்றுநோய் காரணமாகப் பந்தயமே நடக்கவில்லை. அவர்களுடைய திறமைக்கு நம்முடைய சான்று தேவையில்லை.

முதலில், கர்லிங் என்றால் என்ன?

கேரம் ஆட்டத்தைத் தெரிந்தவர்களுக்கு இதை விளக்குவது சுலபம். பலகைக்குப் பதில் சுமார் 150 அடி நீளமுள்ள பனிக்கட்டித் தளம். காய்க்குப் பதில் பளபளவென்று இழைத்த கருங்கல். ஒவ்வொரு கல்லும் 17 கிலோவுக்கு மேல், 20 கிலோவுக்குள் இருக்கும். மேலே ஒரு கைப்பிடி. தளத்தின் மறுகோடியில் 12 அடி விட்டமுள்ள வட்டம் வரைந்திருக்கிறார்கள். அதற்கு ‘வீடு’ என்று பெயர். கோஷ்டிக்கு நாலு பேர். ஆளுக்கு இரண்டு கல். இரு கோஷ்டியும் மாறி மாறிக் கல்லை வழுக்கி விட வேண்டும். பதினாறு கற்களும் போன பிறகு, வீட்டின் நடுப்புள்ளிக்கு யாருடைய கல் மிக அருகில் கிடக்கிறதோ அவர்களுக்குப் புள்ளி. இப்படிப் பத்துச் சுற்று. எதிரியின் கல்லை இடித்துத் தள்ளலாம். தன் கல்லுக்கு முன்னால் இன்னொரு கல்லைக் காவல் வைக்கலாம். கடைசிக் கல் யார் கையில் இருக்கிறதோ அவர்களுக்கு வசதி அதிகம்.

தளம் கண்ணாடிபோல் மழமழவென்று இருக்காது. ஆட்டத்துக்கு முன் அதன்மேல் தண்ணீரைத் துளித்துளியாகத் தெளித்து உறைய வைக்கிறார்கள். அந்தப் பொடி மேடுகள் மீதுதான் கல் ஓடுகிறது. விடும்போது கைப்பிடியை லேசாகத் திருகி விட்டால் கல் போகப் போக ஒரு பக்கமாக வளையும். இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஒரு டம்ளரைக் கவிழ்த்து, வலமாகச் சுழற்றி மேசைமேல் தள்ளிப் பாருங்கள். அது இடப் பக்கம் வளைந்து போகும். கர்லிங் கல்லோ வலமாகச் சுழன்றால் வலப் பக்கமே வளைகிறது. இது ஏன் என்பதில் விஞ்ஞானிகளுக்குள் இன்னும் வாதம் தீரவில்லை.

கல் ஓடும்போது இருவர் அதற்கு முன்னால் துடைப்பம் போன்ற தூரிகையால் பனியைத் தேய்த்துக்கொண்டே ஓடுகிறார்கள். தேய்த்தால் பனி சற்றுச் சூடேறும், கல் இன்னும் கொஞ்ச தூரம் போகும், வளைவும் குறையும். எப்போது தேய்ப்பது, எப்போது நிறுத்துவது என்று தலைவி மறுகோடியிலிருந்து கூவுவாள். பெண்கள் கையில் துடைப்பம் இருப்பது உலகத்தில் எங்கேயும் புதிதல்ல. அதற்குப் பதக்கம் கொடுத்ததுதான் புதிது!

ஆட்டம் பிறந்தது ஸ்காட்லாந்தில். 1511 என்று ஆண்டு பொறித்த பழங்கல் ஒன்று அங்கே இருக்கிறது. இன்றைக்கும் உலகப் பந்தயங்களுக்கான கல், ஸ்காட்லாந்துக் கரைக்கு அப்பால் ஆள் குடியில்லாத எய்ல்சா கிரெய்க் என்ற சிறு தீவின் பாறையிலிருந்தே வருகிறது. ஆண்களுக்கு உலகப் பந்தயம் 1959-ல் ஆரம்பமாயிற்று. விஸ்கி வியாபாரிகள் பணம் போட்டார்கள். பெண்களுக்கு அப்படி ஒரு பந்தயம் வர மேலும் இருபது ஆண்டு ஆயிற்று. 1979-ல் ஸ்காட்லாந்தின் பெர்த் நகரில் முதல் பந்தயம் நடந்தது, ஸ்விட்சர்லாந்து ஜெயித்தது. ஆசியாவுக்கு முதல் பட்டம் 2009-ல் சீனப் பெண்கள் மூலம் வந்தது. அந்தப் பந்தயம் நடந்த இடம் தென் கொரியாவின் காங்நுங் நகரம்.

இனி நம் கதைக்கு வருவோம்.

தென் கொரியாவில் உய்சோங் என்பது பூண்டுக்குப் பேர் போன வட்டாரம். வாலிபர்கள் பட்டணம் தேடிப் போய்விட, வயதானவர்களே மிஞ்சிய சீமை. 2006-ல் அங்கே ஒரு கர்லிங் அரங்கம் கட்டினார்கள். கிம் உன்-ஜங், கிம் யோங்-மி என்ற இரண்டு பள்ளித் தோழிகள் பொழுதுபோக்காக ஆடப் போனார்கள். யோங்-மிக்கு ஏதோ பொருள் கொடுக்க வந்த தங்கை கியோங்-ஏயும் சேர்ந்துகொண்டாள். இன்னும் ஒரு ஆள் வேண்டும் என்று அவள் வகுப்புக் கரும்பலகையில் எழுதிப்போட, சோன்-யோங் வந்தாள். பின்னால் வெளியூரிலிருந்து சோ-ஹி வந்து சேர்ந்தாள். ஐந்து பேருக்கும் குடும்பப் பெயர் கிம்.

2018 குளிர்கால ஒலிம்பிக் அவர்கள் நாட்டிலேயே நடந்தது. அரை இறுதியில் ஜப்பானை, கூடுதல் சுற்று வரை போய், 8-7 என்று வென்றார்கள். இறுதியில் ஸ்வீடனிடம் 8-3 என்று தோற்று வெள்ளி வாங்கினார்கள். கண்ணாடி போட்ட உன்-ஜங், சிரிக்காத முகத்தோடு “யோங்-மீ!” என்று கூவியதை நாடே கூவிற்று. பத்திரிகைகள் அவர்களுக்கு ‘பூண்டுப் பெண்கள்’ என்று பெயர் சூட்டின. அந்தப் பெயர் முதலில் அவர்களுக்கே அவ்வளவாகப் பிடிக்கவில்லை!

அதே ஆண்டு நவம்பரில் இந்த ஐவரும் தங்கள் நாட்டு விளையாட்டு, ஒலிம்பிக் கமிட்டிக்கு ஒரு கடிதம் எழுதினார்கள். பயிற்சியாளர்கள் தகாத சொல்லால் ஏசுகிறார்கள். 2015 முதல் ஜெயித்த பரிசுப் பணம் தங்கள் கைக்கு வரவில்லை. ரசிகர்கள் அனுப்பும் கடிதங்களும் பரிசுகளும் பிரித்துப் பார்த்த பிறகே தங்களிடம் வருகின்றன. பயிற்சியாளரின் குழந்தை படிக்கும் பாலர் பள்ளி விளையாட்டு விழாவுக்குக்கூடத் தங்களை வரவழைக்கிறார்கள். உன்-ஜங் கல்யாணம் செய்துகொண்டதும் அவரைத் தலைமையிலிருந்து ஒதுக்கப் பார்க்கிறார்கள் என்றெல்லாம் அதில் இருந்தது. பயிற்சியாளர்கள் முதலில் மறுத்தார்கள். சர்க்கார் விசாரணை வைத்தது. புகார்களில் பெரும்பாலானவை உண்மை என்று 2019 பிப்ரவரியில் அறிக்கை வந்தது. பெண்களுக்குச் சேர வேண்டிய தொகையில் ஒன்பது கோடி வொன்னுக்கு மேல் அவர்களிடம் சேரவில்லை என்று அந்த அறிக்கை சொல்லிற்று. பிறகு வழக்கு நீதிமன்றத்துக்கும் போயிற்று.

இந்த விவகாரத்தில் நம்மை யோசிக்க வைப்பது வேறொரு விஷயம். அந்தக் குடும்பத்துப் பெரியவர்தான் உய்சோங்கில் கர்லிங் அரங்கம் வரப் பாடுபட்டவர். அவர் தேசியக் கர்லிங் சம்மேளனத்தில் பதவி வகித்தவர். பயிற்சியாளர்கள் அவர் மகளும் மருமகனும். அவர் இல்லையென்றால் அந்தப் பெண்கள் கர்லிங் கல்லைக் கண்ணால் பார்த்திருக்கமாட்டார்கள் என்பது மெய். இந்த மெய்யை வைத்துக்கொண்டுதான் பேச்சு ஆரம்பமாகிறது: ‘நான் வளர்த்த பிள்ளைகள், இவர்கள் பணத்துக்குக் கணக்கு நான் பார்த்துக்கொள்வேன், இவர்கள் யாரோடு பேசலாம் என்று நான் சொல்வேன்.’ விதை போட்டவனுக்கு நன்றி சொல்லத்தான் வேண்டும். அதற்காக மகசூல் முழுவதையும் அவன் வீட்டில் கொண்டுபோய்க் கொட்டச் சொல்வது எந்த ஊர் நியாயம்?

ஆட்டக்காரர்கள் ஆண்களாயிருந்தால் இப்படி நடந்திருக்காது என்று நாம் சொல்லத் தயாரில்லை. நடந்திருக்கலாம். ஆனால் கல்யாணமான ஆணைப் பார்த்து, “இனி உனக்கு ஆட்டம் எதற்கு?” என்று யாரும் கேட்டதாக நாம் கேள்விப்படவில்லை.

கடிதம் எழுதியவர்களுக்கு உடனே வாழ்வு வந்துவிடவில்லை. ஒலிம்பிக் முடிந்த சில மாதங்களிலேயே, உள்நாட்டுப் பந்தயத்தில் தோற்றுத் தேசிய கோஷ்டி என்ற இடத்தை இழந்திருந்தார்கள். கடிதத்துக்குப் பிறகு, பயிற்சி செய்வதே பெரும்பாடாயிற்று. பெரிய இடத்தோடு மோதிய ஆட்டக்காரிகளை ஆதரிக்க எல்லாரும் துணிவதில்லை. அவர்களுக்கு முன்பு பயிற்சியளித்த கனடாக்காரர் பீட்டர் காலன்ட் அவர்கள் பக்கம் பேசியதைக் குறிப்பிட வேண்டும். அயல்நாட்டுக்காரர் அவர், பேசாமலே இருந்திருக்கலாம்.

உன்-ஜங் 2019-ல் குழந்தை பெற்றார். குழந்தையை வைத்துக்கொண்டே மறுபடி பனித்தளத்துக்கு வந்தார். 2020 நவம்பரில் தேசியப் பட்டத்தை இந்தக் கோஷ்டி மீட்டது. 2021-ல் பூண்டுச் சீமையை விட்டு, காங்நுங் நகரசபையின் கோஷ்டியாயிற்று. அந்த ஆண்டு கால்கரி உலகப் பந்தயத்தில் முதல் ஆறு இடத்துக்குள் வர முடியாததால் ஒலிம்பிக்குக்கு நேராகப் போகும் வாய்ப்புத் தவறிற்று. டிசம்பரில் ஹாலந்து போய்த் தனித் தகுதிப் பந்தயம் ஆடி இடம் பிடித்தார்கள். பீஜிங்கில் எட்டாவது இடந்தான் கிடைத்தது. ‘இவர்கள் காலம் முடிந்தது’ என்று சொல்ல விரும்பியவர்களுக்கு அது நல்ல சந்தர்ப்பம்.

ஒரு மாதம் சென்று பிரின்ஸ் ஜார்ஜில் அரை இறுதி. எதிரே, பந்தயத்தை நடத்திய கனடாவின் கோஷ்டி. கூட்டமெல்லாம் அவர்கள் பக்கம். கொரியப் பெண்கள் 9-6 என்று ஜெயித்தார்கள். மறுநாள், அந்தப் பந்தயம் முழுவதும் ஓர் ஆட்டம்கூடத் தோற்காத ஸ்விட்சர்லாந்தோடு ஒரு புள்ளி வித்தியாசம் வரை போராடித் தோற்றார்கள். உலகப் பந்தயத்தில் கொரியப் பெண்களுக்கு அதற்கு முன் கிடைத்திருந்தது, 2019-ல் வேறொரு கோஷ்டி வாங்கிய வெண்கலம் ஒன்றுதான். வெள்ளி அதுவே முதல் தடவை.