சொந்த மோடமா? மூன்று கேள்வி கேளுங்கள்

திருச்சி, ஸ்ரீரங்கம் வீடுகளுக்கு ஃபைபர் இன்டர்நெட் வந்துவிட்டது. அதற்கான மோடத்துக்கு ஓ.என்.டி. என்று பெயர். மோடத்துக்கு மாத வாடகை கட்டுகிறீர்களா? அதை 24-ஆல் பெருக்குங்கள். புது மோடத்தின் விலையைத் தாண்டினால், சொந்தமாக வாங்குவதே லாபம்.

ஆனால், ஆர்டர் போடும் முன் இணைப்பு தருபவரிடம் கேளுங்கள்.

1. என் மோடத்தின் சீரியல் நம்பரை உங்கள் சிஸ்டத்தில் பதிவீர்களா? பிஎஸ்என்எல் ஃபைபரில் இதற்கு வழியுண்டு. சில நிறுவனங்கள் தாங்கள் தரும் மோடத்தை மட்டுமே ஏற்கும்.

2. லைன் ஜிபானா, ஈபானா? மாற்றி வாங்கினால் வேலை செய்யாது. எக்ஸ்பான் மாடல் இரண்டுக்கும் பொருந்தும்.

3. லேண்ட்லைனும் உண்டென்றால், போன் போர்ட் உள்ள மாடல்தானே வேண்டும்?

டூயல் பேண்ட் மோடமாகப் பாருங்கள். 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, 2.4 சுவர் தாண்டும். ஸ்ரீரங்கத்துப் பழைய வீடுகள் நீளமானவை. ரேழியில் வைத்தால் கொல்லைப்பக்கம் சிக்னல் எட்டாது, கூடத்தில் வையுங்கள்.

மாட்டியதும் மோடத்தோடு வந்த பாஸ்வேர்டை மாற்றுங்கள். பழைய மோடத்தை ஒப்படைத்து ரசீது வாங்குங்கள். அடுத்த பில்லில் வாடகை நின்றதா என்று பாருங்கள். இனி பழுதானால் செலவு உங்களுடையது. வாரன்டி பில் பத்திரம்!