கடல் கடக்குமுன்

பூதலூர்ப் பங்கைச் சேர்ந்த சில குடும்பத்தினர், வரும் கோடை விடுமுறையில் இலங்கை செல்ல எண்ணி நம்மிடம் விவரம் கேட்டனர். மடு அன்னையைத் தரிசிப்பதே அவர்தம் முதல் நோக்கம். "மற்றபடி அது புத்த நாடுதானே, நமக்கு அங்கே என்ன இருக்கிறது?" என்றார் அவர்களுள் ஒரு பெரியவர். அவ்வினா நம் நெஞ்சில் தைத்தது.

புத்தம் நம் சோழ நாட்டிற்குப் புதிதன்று. தஞ்சைப் பெரிய கோவிலை எழுப்பிய இராசராசனே, நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்திற்கு ஆனைமங்கலம் என்னும் ஊரை அளித்தான். செப்பேடு இன்றும் சான்று கூறுகிறது. பூதலூர் வழியே தனுஷ்கோடிக்கு ஓடிய 'போட் மெயில்' இலங்கைப் பயணிகளை எத்தனை ஆண்டுகள் சுமந்தது! 1964ஆம் ஆண்டுப் புயல் தனுஷ்கோடியை அழித்தது.

பெரியவர் அறிய வேண்டியது இன்னொன்றும் உண்டு. ஒல்லாந்தர் கத்தோலிக்கரைத் துன்புறுத்திய காலத்தில், 1687இல் கோவாவிலிருந்து மறைவாக இலங்கை சென்றவர் புனித ஜோசப் வாஸ் அடிகளார். கண்டியில் அவரை ஒற்றர் என ஐயுற்றுச் சிறையிலிட்டனர். ஆயினும் பின்னர் அவருக்கு மறைப்பணியாற்றும் உரிமையளித்துக் காத்தவன் கண்டியின் புத்த மன்னனே. கிறிஸ்தவர் விரட்டினர், புத்தர் அடைக்கலம் தந்தனர்! 1697இல் அம்மை நோய் பரவியபோது, அடிகளார் மதம் பாராது நோயாளரைப் பேணினார். 1711இல் கண்டியிலேயே உயிர் நீத்தார். 2015இல் கொழும்பில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக உயர்த்தினார்.

அந்நாடு பட்ட துயரையும் மறவாது செல்லுங்கள். 1999 நவம்பரில், மடு ஆலயத்தில் தஞ்சம் புகுந்த மக்கள் எறிகணைக்கு இரையாயினர். 2019 உயிர்ப்புப் பெருவிழாவன்று கொச்சிக்கடை, கட்டுவாப்பிட்டி ஆலயங்களில் நிகழ்ந்ததை நாம் அறிவோம். எனவே, கண்டவரிடமெல்லாம் போரைப் பற்றி வினவுதல் வேண்டா; அவர்களாகக் கூறினால் பொறுமையாகக் கேளுங்கள்.

இனி, நடைமுறை. விகாரையில் காலணியும் தொப்பியும் ஆகா. தோளும் முழங்காலும் மறைந்திருத்தல் வேண்டும். புத்தர் சிலைக்கு முதுகு காட்டி நின்று படம் எடுப்பது பெருங்குற்றமாகக் கருதப்படும். இளைஞர்கள் கவனிக்க! பௌர்ணமிதோறும் 'போயா' விடுமுறை. அன்று மதுவும் இறைச்சியும் விற்கப்படா. (முன்னதற்காக வருந்துவோர் நம் பங்கில் இரார் என நம்புகிறோம்.) மே மாத வேசாக் பௌர்ணமியில் வீதிதோறும் காகித விளக்குகள் ஒளிரும், 'தன்சல்' என்னும் பந்தல்களில் வழிப்போக்கர் யாவருக்கும் இலவசமாக உணவு வழங்குவர். தயங்காது அமர்ந்து உண்ணுங்கள். நம் மாதா திருவிழாவில் நாம் அழைத்தால் பிறர் வருவதில்லையா?

பெரியவர் இறுதியாகக் கேட்டது சோறு பற்றி. கிடைக்கும் ஐயா, மூன்று வேளையும்!