மச்சான் கையில் கயிறு!

கிணத்து மேட்டுல நாலு பசங்க சேர்ந்தா என்ன நடக்கும்? "உள்ள எவன் ரொம்ப நேரம் இருக்கான்னு பார்ப்போம்டா... தோத்தவன் பரோட்டா வாங்கித் தரணும்!" உடனே ஒரு வீரன் புஸ் புஸ்ஸென்று இருபது தடவை மூச்சை இழுத்து விட்டுவிட்டு, தொபுக்கடீர்! மேலே இருப்பவர்கள் ஒண்ணு, ரெண்டு, மூணு என்று எண்ணுவார்கள். நீங்களும் எண்ணியிருப்பீங்க. சில பேர் ஜெயித்து பரோட்டாவும் சாப்பிட்டிருப்பீங்க.

அதே விளையாட்டை முறையாகச் சொல்லிக்கொடுத்து, பரீட்சை வைத்து, சர்ட்டிஃபிகேட்டும் தருகிறார்கள். பெயர் ஃப்ரீடைவிங். முதுகில் சிலிண்டர் கிடையாது. ஒரே ஒரு தம், அவ்வளவுதான். (அந்த 'தம்' இல்லை பாஸ். அதை இழுக்கிற பார்ட்டிகளுக்கு இங்கே சீக்கிரமே நுரை தள்ளிடும்!)

இதைக் கற்றுக்கொள்ள உலகம் முழுக்க இருந்து பசங்களும் பொண்ணுங்களும் மூட்டை கட்டிக்கொண்டு போகிற ஊர்களில் ஒன்று, எகிப்தில் இருக்கும் தாஹாப். சினாய் தீபகற்பத்தின் கிழக்குக் கரையில், அகபா வளைகுடாவை ஒட்டிய சின்ன ஊர். அங்கே கரைக்குப் பக்கத்திலேயே கடல் சடாரென்று ஆழமாகிவிடும். படகெல்லாம் வேண்டாம், நடந்து போய் நீந்தினால் போதும். ஊருக்கு வடக்கே 'ப்ளூ ஹோல்' என்று ஒரு இடம்... பவளப்பாறைக்கு நடுவே கிணறு வெட்டின மாதிரி சுமார் 100 மீட்டர் ஆழத்துக்கு ஒரு நீலக் குழி. அங்கேயும் கிணறுதான்!

முதல் லெவலை நீங்கள் ஏற்கெனவே முடித்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். இப்போது அட்வான்ஸ்டு. 'பாடி' என்கிற சர்வதேச டைவிங் அமைப்பின் கணக்குப்படி, அசையாமல் மிதந்தபடி இரண்டரை நிமிடம் தம் கட்ட வேண்டும். நீச்சல் குளத்தில் தலையை வெளியே எடுக்காமல் 50 மீட்டர் போக வேண்டும். கடலில் கயிற்றை ஒட்டியபடி ஃபின்ஸ் அடித்து 20 மீட்டர் இறங்கி, திரும்பி வர வேண்டும். ஆறு மாடிக் கட்டடத்தைத் தலைகீழாக இறங்கி, திரும்ப ஏறுகிற கதை. (மற்ற அமைப்புகளில் நம்பர் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும்.)

'அப்போ நுரையீரலைப் பெருசாக்கணும் போல'ன்னு நினைக்கிறீங்களா? முதலில் மல்லுக்கட்ட வேண்டியது உங்க நாக்கோடு!

கடலில் 10 மீட்டர் இறங்கினாலே அழுத்தம் இரட்டிப்பாகி, உடம்புக்குள் இருக்கிற காற்று பாதியாகச் சுருங்கும். 20 மீட்டரில் மூன்றில் ஒரு பங்கு. காதுக்குள் இருக்கிற காற்றுக்கும் அதே கதிதான். ஈடுகட்டக் காற்று அனுப்பாவிட்டால் செவிப்பறை உள்ளே இழுபட்டு, வலியில் உயிர் போகும். கொடைக்கானல் பஸ்ஸில் காது அடைத்தால் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஊதுவோமே... அது நெஞ்சுக் காற்றை வைத்துச் செய்வது. தலைகீழாக இறங்கும்போது, நெஞ்சே சுருங்கிக் கிடக்கும்போது, அந்த ஜம்பம் பலிக்காது. அதனால் தொண்டையை மூடிவிட்டு, வாயில் இருக்கிற கொஞ்சூண்டு காற்றை நாக்கால் பிஸ்டன் மாதிரி தள்ள வேண்டும். 'ஃப்ரென்சல்' என்று பெயர். மூக்கைப் பிடித்துக்கொண்டு 'க்' என்று சொல்லிப் பாருங்கள். நாக்கின் பின்பக்கம் மேலே எழும்புகிறது இல்லையா? அதுதான் மேட்டர். நாள் முழுக்க ரூமில் உட்கார்ந்து பல்லி மாதிரி 'க்... க்...' என்று பழகுவீர்கள். ரூம்மேட் ஒரு மாதிரியாகத்தான் பார்ப்பான்.

காது வழிவிடாவிட்டால் திரும்பிவிட வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் ரெண்டு மீட்டர் போனால் செவிப்பறை கிழியும்.

அடுத்து அந்த இரண்டரை நிமிடம். 'மூச்சு விடுடா' என்று உடம்பு கத்துவது ஆக்ஸிஜன் தீர்ந்துபோனதால் என்றுதானே நினைக்கிறோம்? இல்லை. கார்பன் டை ஆக்ஸைடு சேர்ந்துவிட்டது என்பதற்கான அலாரம் அது. அந்த நேரத்தில் ஆக்ஸிஜன் இன்னும் கையிருப்பில் இருக்கும். கொஞ்ச நேரத்தில் விக்கல் மாதிரி வயிறு வெட்டி வெட்டி இழுக்கும். பதறாமல், தோளைத் தளர்த்தி, அதோடு சமாதானமாக இருக்கப் பழகுவதுதான் பயிற்சி. உடம்பும் ஒத்துழைக்கும். முகத்தில் தண்ணீர் பட்டதும் இதயத் துடிப்பு குறையும். கை, கால்களின் ரத்தக் குழாய்கள் சுருங்கி, ரத்தம் மூளைக்கும் இதயத்துக்கும் திரும்பும். மண்ணீரல் சுருங்கி, சேர்த்து வைத்திருந்த சிவப்பணுக்களை வெளியே விடும். சீலுக்கும் திமிங்கிலத்துக்கும் இருக்கிற ஏற்பாடு, நமக்கும் கொஞ்சம் உண்டு!

இப்போ நம்ம கிணத்து ஹீரோவுக்கு வருவோம். இருபது தடவை புஸ் புஸ் பண்ணினாரே... நல்ல உடம்பு உள்ளவருடைய ரத்தத்தில் ஆக்ஸிஜன் ஏற்கெனவே ஏறக்குறைய ஃபுல். கூடுதலாக ஏறுவது ரொம்பக் கொஞ்சம். ஆனால், கார்பன் டை ஆக்ஸைடு ஏகத்துக்கும் வெளியே போயிருக்கும். அதாவது அவர் டேங்க்கில் பெட்ரோல் போடவில்லை, பெட்ரோல் முள்ளை உடைத்துவிட்டார்! இனி அலாரம் நேரத்துக்கு அடிக்காது. திணறல் தெரியாது. 'அட, சுகமா இருக்கே' என்று நினைக்கும்போதே நினைவு போய்விடும். மேலே நிற்கிறவர்களோ, 'செம தம்முடா மச்சி' என்று எண்ணிக்கொண்டே இருப்பார்கள்.

அதனால்தான் அட்வான்ஸ்டு வகுப்பில் ஆழத்தைவிட பார்ட்னரைப் பற்றி அதிகம் பேசுகிறார்கள். சட்டம் சிம்பிள். ஒருத்தர் கீழே, ஒருத்தர் மேலே. ரெண்டு பேரும் ஒரே நேரத்தில் இறங்கக் கூடாது. கீழே போனவர் திரும்பும்போது, மேலே இருப்பவர் பாதி வழி இறங்கி வந்து, முகத்துக்கு முகம் பார்த்தபடி கூடவே ஏற வேண்டும். ஏன் என்றால், ஆழத்தில் அழுத்தம் இருக்கிற வரை நுரையீரலில் மிச்சமிருக்கிற ஆக்ஸிஜன் ரத்தத்துக்குள் தாராளமாகப் போகும். மேலே வரவர அழுத்தம் சரியும். கடைசி 10 மீட்டரில் பாதியாகிவிடும். அதனால் மயக்கம் அடிமட்டத்தில் வருவதைவிட, மேற்பரப்புக்குப் பக்கத்தில்தான் அதிகம் வருகிறது. வெளியே வந்து முதல் மூச்சை இழுத்த பிறகும் வரலாம். இழுத்த காற்று மூளைக்குப் போய்ச் சேரச் சில விநாடி பிடிக்கும், இல்லையா? ஆகவே தலை வெளியே தெரிந்த பிறகும் 30 விநாடி கண்ணெடுக்காமல் அவர் உதட்டையே பார்க்க வேண்டும். நீலம் பூக்கிறதா? தலை ஆடுகிறதா? கண் எங்கோ வெறிக்கிறதா?

மயங்கிவிட்டால்? வாயை மூடிப் பிடித்து மேலே கொண்டு வந்து, முகம் தண்ணீரில் படாமல் தூக்கி, மாஸ்க்கைக் கழற்றி, கண்ணருகே ஊதி, கன்னத்தைத் தட்டி, பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். "மூச்சு விடு!" பெரும்பாலும் இதிலேயே மூச்சு திரும்பிவிடும். இல்லாவிட்டால் வாயோடு வாய் வைத்து ஊத வேண்டும். இதைத் திரும்பத் திரும்பச் செய்யச் சொல்லி, இன்ஸ்ட்ரக்டர் உங்கள் பெண்டை நிமிர்த்துவார்.

2017 ஜூலை 22. இதே ப்ளூ ஹோல். 50 மீட்டருக்கும் கீழே இருக்கிற பாறை வளைவுக்குள் புகுந்து வெளிக்கடலுக்கு வருகிற டைவில் இறங்கினார் இத்தாலி வீராங்கனை அலெஸ்ஸியா ஸெக்கினி. வெளிப்பக்கம் அவரைச் சந்திக்க வேண்டியவர், பாதுகாப்பு டைவிங்கில் பெரிய பெயரெடுத்த அயர்லாந்துக்காரர் ஸ்டீபன் கீனன். சந்திப்பு சில விநாடிகள் தவறியது. மேலே போகும் கயிற்றைக் காணாமல் அலெஸ்ஸியா திசை மாறிப் போக, கீனன் தேடிப் பிடித்து மேலே கொண்டுவந்தார். அலெஸ்ஸியா பிழைத்தார். கீனன் சற்றுத் தள்ளி, முகம் குப்புற மிதந்தார். வயது 39. 2023ல் வந்த 'தி டீப்பஸ்ட் ப்ரெத்' டாக்குமெண்டரி இந்தக் கதைதான். பார்க்கிறதா இருந்தால் கர்ச்சீஃபோடு உட்காருங்க.

நம்ம தூத்துக்குடி முத்துக்குளிப்பவர்கள் காலில் கல்லைக் கட்டி இறங்கிய காலத்தில், படகில் நின்று கயிறு பிடிக்க மச்சானைத்தான் நிறுத்துவார்கள் என்று சொல்வார்கள். கூடப் பிறந்தவளின் தாலி ஆச்சே, அசந்து போக மாட்டான்! தாஹாபில் உங்களுக்குக் கிடைக்கிற பார்ட்னர் நேற்றுக் காலை அறிமுகமான போலந்துக்காரராக இருக்கலாம். பாஷை பாதிதான் புரியும். ஆனால், நீங்கள் 20 மீட்டர் தொட்டுவிட்டு ஏறும்போது, எதிரே ஒரு மாஸ்க்குக்குள் இரண்டு கண் உங்களையே பார்த்துக்கொண்டு வரும்.

வெளியே வந்தாச்சா? ரெண்டு மூணு மூச்சு இழுங்க. மாஸ்க்கைக் கழற்றி 'ஓகே' காட்டுங்க. குதிக்கிறதெல்லாம் அப்புறம்... அவர் இறங்கப் போகிறார். கயிறு இப்போ உங்க கையில்.

(அடுத்த வாரம் தண்ணி வேண்டாம், மலை ஏறுவோம்!)